மாப்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை லீவு

"தங்கள் குழுவில் ஒருவர் அன்று ஏற்கெனவே விடுப்பில் இருப்பதால், தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்."

கைப்பேசியில் வந்திருந்த செய்தியை முசுடு மறுபடியும் படித்தான். முதல் வாக்கியம் படிக்கப் படிக்கப் பழகிவிட்டது. இரண்டாவது வாக்கியம்தான் படிக்கப் படிக்க எரிந்தது.

முசுடு என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. ஆஸ்பத்திரித் துணிகளை மூட்டை மூட்டையாக வாங்கி, துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்பும் அந்தச் சலவைக்கூடத்தில் வைத்த பெயர். காரணப் பெயர். காலையில் வணக்கம் சொன்னால், "சரி, அதுக்கு இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்டவன் அந்த வாரம் முழுக்கச் சிரித்த முகமாக இருப்பது என்று முடிவு செய்திருந்தான். வெள்ளிக்கிழமை காலை அவன் தங்கைக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம்.

அந்தக் கல்யாணம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்குப் பிடிக்காதது அம்மாவுக்கும் பிடிக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். கட்டிக்கொள்ளப் போகிறவருக்குக் கப்பலில் வேலை. சனிக்கிழமை கிளம்பினால் அடுத்த வருஷம்தான் கரையைப் பார்ப்பார். ஆகையால் நாளைத் தள்ளிப் போட வழியில்லை. தங்கை அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

"நம்ம வீட்டு ஆள்னு ஒருத்தராவது பக்கத்துல நிக்கணும்ணா. சாட்சிக் கையெழுத்து நீ போடணும். யாருமில்லாதவ மாதிரி நான் போய் நிக்க மாட்டேன்."

அவன் வாக்குக் கொடுத்திருந்தான். கொடுத்த கையோடு சலவைக்கூடம் முழுக்கப் பெருமையடித்தும் வைத்திருந்தான். இப்போது யாரோ ஒருவர் அதே வெள்ளிக்கிழமைக்கு முந்திக்கொண்டு லீவு போட்டிருக்கிறார். நாலு பேர் சேர்ந்து வேலை செய்யும் ஒரு மேசையில் ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் லீவு என்பது விதி.

அவன் முதலில் பெரியக்காவிடம் போனான். துணிகளில் கறை பார்ப்பது அவள் வேலை. ஒரு போர்வையைப் பார்த்தே எந்த வார்டு, என்ன வியாதி, நோயாளி பிழைத்தானா என்பது வரை சொல்லிவிடுவாள்.

"வெள்ளிக்கிழமை லீவா? நானா?" பெரியக்கா தலையணை உறையை உதறினாள். "எனக்கு முட்டி வலி உயிர் போகுது. டாக்டரைப் பார்க்க அடுத்த திங்கக்கிழமைதான் லீவு போட்டிருக்கேன். இதுல உன் தங்கச்சி கல்யாணத்தைக் கெடுக்கவா லீவு போடுவேன்? என்னைப் பார்த்தா வில்லி மாதிரியா இருக்கு?"

அடுத்தது ஒல்லி. மேசையின் மறுமுனையில் முசுடோடு சேர்ந்து மடிக்கிறவன்.

"அண்ணே, லீவு போட்டா வீட்ல இருக்கணும். வீட்ல என் மாமியார் இருக்காங்க. நான் எதுக்குண்ணே லீவு போடப் போறேன்?"

காரணம் பலமாகத்தான் இருந்தது. பிறகு மூவரும் சேர்ந்து மெதுவாகத் திரும்பி, மேசையின் நாலாவது உறுப்பினரைப் பார்த்தார்கள்.

நாலாவது உறுப்பினர் ஒரு ரோபோ. இரும்புத் தூண் ஒன்று, அதில் நீளமாக ஒரு கை, மேலே ஒரு கண், நெஞ்சில் ஒரு திரை. குவியலிலிருந்து ஈரம் போன விரிப்பை எடுத்து, இரண்டு முனையையும் பிரித்து, துணி தேய்க்கும் சூட்டு உருளைக்குள் கொடுக்கும். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது பெரியக்கா. வந்த அன்றே அதற்குத் தனி இடம், தனி மின்சாரம், தனிக் காற்றாடி. எல்லாவற்றையும் கைக்கு எட்டுகிற மாதிரி கொண்டுபோய் வைக்க வேண்டும். அதன் முன்னால் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. அதைச் சுற்றி வரைந்திருக்கும் மஞ்சள் கோட்டுக்குள் யாராவது கால் வைத்துவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு, "சற்று விலகி நிற்கவும். தங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி" என்று சொல்லி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். வேறு என்ன பெயர்தான் வைக்க முடியும்?

அது வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவரை நிர்வாகம் 'விடுவித்தது'. அவர் விடுவிக்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. அவர் போன மறுநாள், சுவரில் 'மனிதரும் இயந்திரமும் தோளோடு தோள்' என்று ஒரு பெரிய படம் ஒட்டினார்கள். ரோபோவுக்குத் தோள் கிடையாது. மனிதரை எடுத்துவிட்டார்கள். படம் மட்டும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

மனிதரையும் இயந்திரத்தையும் ஒற்றுமையாக வேலை செய்ய வைப்பதற்கென்றே ஒருங்கிணைப்பு அதிகாரி ஒருவரையும் நியமித்திருந்தார்கள். சின்ன வயதுப் பெண். எதைச் சொன்னாலும் புன்னகைப்பார். கோபப்படுகிறவர்களை முசுடுக்குப் பிடிக்கும், அவர்களோடு பேச முடியும். புன்னகைக்கிறவர்களிடம் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது.

"மேடம், மெஷினுக்கு எதுக்கு லீவு?"

"நாம அப்படிச் சொல்றதில்லையே சார்."

முசுடு சொல்லை மாற்றினான். "சக பணியாளருக்கு எதுக்கு லீவு?"

வருஷாந்தர சர்வீஸ் என்றார் அதிகாரி. நமக்கெல்லாம் உடம்பு இருக்கிற மாதிரிதானே அதற்கும் என்றார். குழுவுக்குள் விட்டுக்கொடுத்துப் பேசி நாளை மாற்றிக்கொள்வதானால் தனக்கு ஆட்சேபணையே இல்லை, குழுக்களின் சுதந்திரத்தில் தான் தலையிடுவதில்லை என்றார். கைப்பேசியிலிருந்து ஒரு கோரிக்கை அனுப்பினால் போதும், கூட்டாளி சம்மதித்தால் முடிந்தது.

அவன் அனுப்பினான். உடனே மாப்பிள்ளையின் நெஞ்சுத் திரையில் கோரிக்கை வந்து நின்றது. கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'சம்மதம்', ஒன்றில் 'மறுப்பு'. மூவரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளை விரிப்பை எடுத்தது, பிரித்தது, உருளைக்குள் கொடுத்தது. அடுத்த விரிப்பை எடுத்தது. திரை கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

ஒல்லிதான் விஷயத்தைக் கண்டுபிடித்தான். "அண்ணே, அதுக்கு விரலே இல்லியே."

முசுடுக்குப் பத்து இருந்தன. அவன் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், சம்மதத்தின் மேல் ஒரு விரலால் ஓங்கிக் குத்தினான். மாப்பிள்ளை நின்றது. தங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி என்றது. அதன் பின்னால் சூட்டு உருளை நின்றது. உருளைக்குப் பின்னால் மொத்த வரிசையும் நின்றது. அவன் விரல் திரையில் இருந்த காட்சியை மாப்பிள்ளையின் கண் அழகாகப் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பியது.

கூட்டாளியைக் கட்டாயப்படுத்திச் சம்மதம் வாங்கியது என்பது குற்றச்சாட்டு. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, அந்த நிறுவனத்தில் தண்டனை என்ற சொல்லே கிடையாது. சாப்பாட்டு இடைவேளையில் 'பரஸ்பர மரியாதை' வகுப்பு என்றார்கள். வகுப்பில் அவன் ஒருவன்தான் மாணவன். எதிர் நாற்காலியில் மாப்பிள்ளையின் புகைப்படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுப் பழகுவதற்காம்.

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, லீவு கிடைச்சிடுச்சா?"

"எங்க? மாப்பிள்ளை விட மாட்டேங்கறான்."

"அவரா? அவர் உன்னை என்ன சொன்னார்?"

"அவர் இல்லம்மா. இது இங்க இருக்கிற மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை அவனுக்கு ஆயில் மாத்தணுமாம்."

"அண்ணா," என்றாள் தங்கை, அழுகையை நன்றாக மென்று விழுங்கிவிட்டு. "வர இஷ்டமில்லேன்னா நேராச் சொல்லிடு. இப்படியெல்லாம் கதை கட்டாத. அப்பாவாவது மூஞ்சிக்கு நேரா வர மாட்டேன்னார்."

போனை வைத்துவிட்டாள். முசுடுக்கு அதுவரை வந்த கோபமெல்லாம் சும்மா ஒத்திகை என்பது அப்போதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் எல்லா மேசைகளையும் கூட்டி வைத்துப் பேசுவது வழக்கம். கடைசியில் அதிகாரி, மனதில் இருப்பதை யாராவது பகிர்ந்துகொள்ள விரும்புகிறீர்களா என்று கேட்பார். யாரும் பகிர மாட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள், கூட்டம் கலையும். அன்று முசுடு கையைத் தூக்கினான்.

"அது மெஷின். கூட்டாளி இல்ல, சகா இல்ல, மெஷின். அதுக்கு முட்டி வலிக்காது. அதுக்கு மாமியார் கிடையாது. அதுக்கு ஒரு தங்கச்சி இருந்து, அவ வாசல்லயே பார்த்துக்கிட்டு நின்னா, அப்ப வந்து எங்கிட்ட சக பணியாளர்னு சொல்லுங்க. எங்கள்ல ஒருத்தரை வெளிய அனுப்பிட்டு அந்த இடத்துல ஒரு கம்பத்தை நட்டு வெச்சீங்க. சரி, பொறுத்துக்கிட்டோம். இப்ப அந்தக் கம்பத்துக்கிட்ட நான் லீவுக்குக் கெஞ்சணுமா?"

சலவைக்கூடமே கைதட்டியது. உலர்த்திகளை ஓட்டுகிறவர்கள் விசிலடித்தார்கள். அதிகாரி மட்டும் புன்னகை மாறாமல், அவனுடைய உணர்வைத் தாம் மதிப்பதாகச் சொல்லி எதையோ குறித்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. இந்த மேசையில் உள்ள ரோபோ இனி சக பணியாளர் அல்ல, கருவி. முசுடு அந்தக் கூடத்தில் முதன்முறையாக ஜெயித்தான். உத்தரவின் அடுத்த வரியைப் படிக்கும் வரை ஜெயித்துக்கொண்டே இருந்தான்.

கருவி என்றால் அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அதற்கு மிக அருகில் நிற்பவன் முசுடு, ஆகவே அவனே பொறுப்பாளர். சர்வீஸ் நடக்கும் நாளில் பொறுப்பாளர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். தவிர, கருவியைக் கழித்துவிட்டால் மேசையில் மிச்சம் மூன்று பேர். மூன்று பேர் மேசைக்கு, மாற்று ஆள் இல்லாமல் யாருக்கும் லீவு கிடையாது. பெரியக்காவின் திங்கட்கிழமை லீவு ரத்து. ஒல்லியும் ஒரே ஒரு லீவு போட்டுத்தான் வைத்திருந்தான், மாமியார் ஊருக்குக் கிளம்புகிற நாளில் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவதற்காக. அதுவும் ரத்து.

கைதட்டியவர்கள் யாரும் இப்போது அந்தப் பக்கமே வரவில்லை.

ஒல்லி அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டான். பெரியக்கா பேச்சையே நிறுத்திக்கொண்டாள், பேசுவதற்குப் பதில் தலையணை உறைகளை எறிந்தாள். கடைசியில் அவளுக்கே தாங்கவில்லை.

"யாரைக் கேட்டுப் பேசின? முட்டி உனக்கா வலிக்குது? அந்த டாக்டர்கிட்ட நாள் வாங்கறதுக்குள்ள எனக்கு இன்னொரு முட்டியும் போயிடுச்சு. போ. போய் அந்தக் கம்பத்தைத் திரும்ப மனுஷனாக்கிட்டு வா."

திரும்ப மனுஷனாக்குவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்த நிறுவனத்தில் மனிதனைக் கம்பமாக்குவதும் கம்பத்தை மனிதனாக்குவதும் ஒரே மேசையில்தான் நடந்தன. ஆட்சேபித்தவரே ஆட்சேபணையை எல்லோர் முன்னிலையிலும் மனமார வாபஸ் வாங்கினால் போதும் என்றார் அதிகாரி. மனமார என்ற சொல்லைப் புன்னகையோடு அழுத்திச் சொன்னார்.

புதன்கிழமை காலை முசுடு மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் நின்றான். மொத்தக் கூடமும் பின்னால் நின்றது. அவன் அப்பாவிடம் கூட அவ்வளவு தணிந்து நின்றதில்லை.

"நீயும் எங்கள்ல ஒருத்தன்தான்," என்றான். சொல்லும்போது அவன் பல் எதுவும் ஒன்றை விட்டு ஒன்று விலகவில்லை. "உன்னைக் கம்பம்னு சொன்னது தப்பு."

அவன் உடம்பு உணர்ச்சிவசத்தில் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை நின்று, "சற்று விலகி நிற்கவும்" என்றது.

அத்துடன் எல்லாம் பழையபடி ஆனது. பெரியக்காவுக்குத் திங்கட்கிழமை கிடைத்தது. ஒல்லிக்குத் தூக்கம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மட்டும் பழையபடி மாப்பிள்ளையிடமே இருந்தது.

லீவு திரும்பக் கிடைத்த நன்றியில் ஒல்லிக்கு மூளை வேலை செய்தது. மெதுவாக அருகில் வந்தான்.

"அண்ணே, இவனுக்கு இன்னைக்கே உடம்பு சரியில்லாம போயிட்டா, மெக்கானிக் இன்னைக்கே வருவாரு இல்ல? வந்த கையோட அந்த சர்வீஸையும் முடிச்சிட்டா, வெள்ளிக்கிழமை இவன் வேலைக்கு வந்துடுவான். நீங்க போயிட்டு வரலாம்."

குறை சொல்ல முடியாத யோசனை. ஒல்லி சொல்லி முசுடு கேட்ட முதல் யோசனையும் அதுதான். விரிப்புக் குவியலுக்குள் நனைந்த கம்பளி ஒன்றை, இரண்டு தலையணை உறைகளோடு சேர்த்து முடிச்சுப் போட்டு அவன் செருகி வைத்தான். மாப்பிள்ளை எடுத்தது. பிரிக்கப் பார்த்தது. முனையைத் தேடித் தேடிக் கையைச் சுற்றிச் சுற்றி முறுக்கியது. ஒரு உறை மூட்டுக்குள்ளேயே போய்விட்டது. கடக்கென்று ஒரு சத்தம். கை பாதி வணக்கம் சொல்வது போல மேலே போய் நின்றது. திரையில் 'எனக்கு உடல்நலம் சரியில்லை' என்று எழுத்து ஓடியது.

அதிகாரி ஓடி வந்தார். அப்போதுதான் அவர் முகத்தில் முதன்முதலாகக் கவலை தெரிந்தது. பெரியக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எந்த நாளிலும் அது தெரிந்ததில்லை.

"பாவம்," என்றார். "மெக்கானிக்தான் வெள்ளிக்கிழமை எப்படியும் வர்றாரே. அதுவரைக்கும் ரெஸ்ட் எடுக்கட்டும்."

ஆக, ஒரு நாள் லீவில் இருந்த மாப்பிள்ளை இப்போது மூன்று நாள் மருத்துவ விடுப்புக்குப் போனது. குழுவில் ஒருவர் நோயில் படுத்தால் மற்றவர்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். விரிப்புகளைக் கையாலேயே பிரித்துச் சூட்டு உருளைக்குள் கொடுத்தார்கள். விரல் நுனியெல்லாம் கன்றிப் போனது. பெரியக்கா கறை பார்த்த கையோடு மடிக்கவும் செய்தாள், நின்றுகொண்டே. ஆஸ்பத்திரியில் அந்த வாரம் பார்த்து எல்லோருக்கும் ஏதோ வந்திருந்தது, மூட்டைகள் வந்தபடியே இருந்தன. ஒல்லி தன் யோசனையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏதோ அந்தக் கம்பளி தானாக நடந்து வந்து குவியலில் ஏறிப் படுத்துக்கொண்டது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உருளையைத் துடைத்தான்.

வியாழக்கிழமை அதிகாரி ஒரு வாழ்த்து அட்டை கொண்டு வந்தார். 'சீக்கிரம் குணமாகி வா, நண்பா' என்று போட்டிருந்தது. குழுவினர் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். முசுடு போட்டான். தங்கைக்காக எடுத்து வைத்திருந்த நல்ல பேனாவால் அந்த வாரம் அவன் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். அட்டையை மாப்பிள்ளையின் தூக்கிய கையில் மாட்டிவிட்டார்கள்.

அன்று கடைசி முயற்சியாக, சொல்லாமலே வராமல் இருந்தால் என்ன ஆகும் என்று விசாரித்துப் பார்த்தான். ஒன்றும் ஆகாது என்றார் அதிகாரி. சொல்லாமல் ஒருவர் நின்றுவிட்டால் அந்தக் குழுவுக்குள் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று பொருள். நம்பிக்கை இல்லாத மேசையைக் கலைத்து, எல்லோரையும் விடுவித்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

பெரியக்காவுக்கு விஷயம் தெரிந்ததும், மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"நீ போடா. கலைச்சா கலைக்கட்டும். கூடப் பொறந்தவளை விடவா இந்த மேசை பெருசு?"

ஒல்லியும் தலையாட்டினான். எச்சிலை விழுங்கிவிட்டு ஆட்டினான், ஆனாலும் ஆட்டினான்.

முசுடு அவள் முட்டியைப் பார்த்தான். ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். இந்த வேலை போனால் அடுத்த வேலைக்கு அந்த முட்டியை யாரும் சேர்க்க மாட்டார்கள். "சும்மா இரு அக்கா, உன்னை யாரு கேட்டா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்துவிட்டு, மூட்டையை இழுக்கப் போய்விட்டான். அவனுக்குத் தெரிந்த பாசம் அந்த மாதிரிதான்.

வெள்ளிக்கிழமை காலை, கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு முசுடு வேலைக்கு வந்தான். ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. மெக்கானிக் வேலையை முடித்து மாப்பிள்ளை விடுப்பிலிருந்து திரும்பிவிட்டால், அந்த நிமிஷமே அவன் அரை நாள் லீவில் போகலாம். அதிகாரியே ஒப்புக்கொண்டிருந்தார். பதிவு அலுவலகம் மதியச் சாப்பாட்டு நேரம் வரை திறந்திருக்கும். வாசலில் ஆட்டோவைக்கூட நிறுத்தி வைத்திருந்தான்.

மெக்கானிக் வந்தார். தோளில் ஒரு பை, காதில் ஒரு பென்சில். வேலையை நேசிக்கிற மனிதர் என்று பார்த்ததுமே தெரிந்தது. முசுடு வாசலில் நின்ற ஆட்டோவை எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு திருகையும் கழற்றித் துடைத்து வரிசையாக அடுக்கினார். அடுக்கிய வரிசை கோணலாக இருக்கிறது என்று திரும்ப அடுக்கினார். பாட்டு ஒன்றை மூக்காலேயே பாடினார். முசுடு பக்கத்தில் மண்டியிட்டு டார்ச் பிடித்தான். புதுச் சட்டையில் கிரீஸ் ஒட்டியது.

"சாதாரண சர்வீஸ்னா எப்பவோ முடிச்சிருப்பேன் சார்," என்று மெக்கானிக் மூட்டுக்குள்ளிருந்து எதையோ நூல் நூலாக இழுத்தார். "இங்க பாருங்க. தலையணை உறை. யாரோ வேணும்னே செருகியிருக்காங்க. மனுஷங்க ஏன் சார் இப்படி இருக்காங்க?"

"தெரியலீங்க," என்றான் முசுடு.

தங்கை கூப்பிட்டாள். வந்துக்கிட்டே இருக்கேன் என்றான். மறுபடி கூப்பிட்டாள். கிளம்பிட்டேன் என்றான். டார்ச்சை இன்னும் கிட்டப் பிடியுங்கள் என்றார் மெக்கானிக். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது பின்னால் யாரோ, அடுத்த ஜோடி வாங்க என்று கத்துவது மட்டும் கேட்டது. அப்புறம் கூப்பிடவில்லை. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மெக்கானிக் கடைசித் திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது படம் ஒன்று வந்தது. தங்கை, அவள் பக்கத்தில் கப்பல்காரர், அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய வீட்டார் ஏழெட்டுப் பேர். தங்கைக்கு இந்தப் பக்கம் யாரென்று தெரியாத ஒரு வழுக்கைத் தலைக்காரர், பேனாவைப் பிடித்தபடி, கேமராவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே தங்கை எழுதியிருந்தாள்: "ஆபீஸ் வாசல்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிறவர். நான் தனியா நிக்கிறதைப் பார்த்துட்டு அவரே கடையைச் சாத்திட்டு வந்தார். இனிமே எனக்கு அண்ணன்னா இவர்தான். நீ உன் மாப்பிள்ளையோடயே இரு."

முசுடு டார்ச்சை அணைத்துவிட்டு விரிப்புக் குவியலின் மேல் உட்கார்ந்தான். பெரியக்கா அவன் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தாள். முந்தானையால் அவன் சட்டையில் இருந்த கிரீஸைத் துடைத்தாள். அது இன்னும் பரவியது.

மாப்பிள்ளைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. தூக்கிய கை கீழே இறங்கியது. வாழ்த்து அட்டையைக் குவியலின் ஓரமாகப் போட்டுவிட்டு முதல் விரிப்பை எடுத்தது. அதிகாரி கண்ணாடி அறைக்குள்ளிருந்து கைதட்டினார். முசுடு இப்போது தாராளமாகப் போகலாம் என்று அவன் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. இந்த நாள் இனிய நாளாக அமைய வேண்டும் என்ற விருப்பமும் கூடவே வந்தது.

வாரம் பூராவும் அவன் மாப்பிள்ளை மேல் கோபப்பட்டிருந்தான், அதிகாரி மேல், அப்பா மேல், தன் மேலேயே கூடக் கோபப்பட்டிருந்தான். மிச்சம் இருந்தது மெக்கானிக் ஒருவர்தான். திருகாணிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த அவர் எதிரே போய் நின்றான்.

"ஏன்யா, வருஷத்துல உனக்கு வேற நாளே கிடைக்கலையா? இந்த வெள்ளிக்கிழமைதான் கண்ணுல பட்டுச்சா?"

மெக்கானிக் கோபித்துக்கொள்ளவில்லை. கையைத் துடைத்தபடி, அக்கறையாகவே சொன்னார்: "நான் போன வாரமே வர்றதாத்தான் சார் இருந்தேன்; இந்த மேசையில யாருக்கோ தங்கச்சி கல்யாணமாம், வெள்ளிக்கிழமை அவர் லீவுல போயிடுவாரு, அன்னைக்கு வெச்சுக்கிட்டா அவர் வேலை கெடாதுன்னு உங்க மேடம்தான் பெரிய மனசு பண்ணி நாளை மாத்தி வெச்சாங்க."